மணியும் மும்மணியும்

(தசலட்சணப் பெருவிழாவின்போது ஜினாலய மண்டபத்தில் ஆற்றிய அறவுரையின் எழுத்து வடிவம்)





நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் நான்காவது அமூடதிருஷ்டி. மயக்கமற்ற பார்வை என்று தமிழில் கொள்ளலாம். இவ்வுறுப்பினைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இதற்கு முன்பும் இரண்டு மூன்று முறை இதே மண்டபத்தில் இப்பொருளைப் பேசியிருக்கின்றேன். அப்போதெல்லாம் உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என்னும் மூன்றையும் நூல்முறைப்படி விளக்கி, ரேவதி ராணியின் வரலாற்றைச் சொல்லி அமர்ந்துவிடுவேன். கேட்போரும் தலையசைப்பர். மூடம் என்பது அயலார் வீட்டுச் செய்தி என்ற எண்ணம் சொல்வோனுக்கும் கேட்போருக்கும் பொதுவாக இருந்தது. இவ்வாண்டு அது என் உடன்பிறந்தாள் வீட்டுச் செய்தியாகிவிட்டது. அவளுடைய இசைவு பெற்றே இதனைச் சொல்கின்றேன். அவளும் இதோ பெண்கள் பகுதியில் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றாள்.

என் தங்கையின் கணவர் ஈராண்டுகளுக்கு முன் காலமானார். சடங்குகள் முடிந்தன; வந்த உறவினர் கலைந்தனர்; பிள்ளைகள் இருவரும் வேலை நிமித்தம் வெளியூர் திரும்பினர். பெரிய வீட்டில் அவள் தனியளானாள். இரவில் உறக்கம் பிடிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் அவளுக்கு உண்டு. அந்நிலையில் நகரில் நடைபெற்ற ஒரு கண்காட்சியில் படிகக் கற்கள் விற்கும் ஓர் அம்மையாரைக் கண்டாள். இளஞ்சிவப்புக் கல் நெஞ்சின் துயரத்தை வாங்கிக்கொள்ளும், ஊதாக்கல் உறக்கம் தரும், மஞ்சள் கல் வயிற்றுப் பகுதியைச் சீராக்கிச் சர்க்கரையைத் தணிக்கும் என்று அவர் கூறினார். கைக்கு ஒரு சரமும், தலையணையின் கீழ் வைப்பதற்கு இரண்டு கற்களும் வாங்கி வந்தாள். வாரம் ஒரு நாள் அந்த அம்மையாரின் இல்லத்துக்கும் செல்லத் தொடங்கினாள்.

உறக்கம் வந்தது! இதனை நான் மறைக்கப் போவதில்லை. இரண்டு வாரங்களில் முகம் தெளிந்தது. அப்பால் ஒரு நாள், மாத்திரைகளில் உள்ள வேதிப்பொருள்கள் கல்லின் அதிர்வைக் கெடுக்கும் என்றும், சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் அந்த அம்மையார் சொன்னார். உறக்கத்தைத் தந்தவர் சொல்லை அவள் எவ்வாறு ஐயுறுவாள்? குறைத்தாள், பின்னர் நிறுத்தினாள். ஆறு மாதம் சென்றபின் செருப்புக் கடித்த ஒரு சிறு கொப்புளம் இடக்காலில் தோன்றியது. நெடுநாள் சர்க்கரையால் பாத நரம்புகள் உணர்விழந்திருந்தமையால் வலி தெரியவில்லை. வலி தெரியாமையைக் கல்லின் நன்மை என்றே எண்ணினாள். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

கட்டிலில் கிடந்த அவளிடம் நான் செய்தது என்ன தெரியுமா? உலக மூடத்தின் இலக்கணத்தை எடுத்துரைத்தேன்! சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் ஆற்றிலும் கடலிலும் நீராடுதல், மணலையும் கல்லையும் குவித்தல், மலையினின்று வீழ்தல், தீயில் பாய்தல் ஆகியவற்றை அறம் என நம்புவது மூடம் என்று விதித்திருப்பதைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அண்ணா, நீங்கள் சொல்வது நூலில் இருக்கும். ஆனால் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்ட நாளில்தான் எனக்குத் தூக்கம் வந்தது. அதுவும் பொய்யா?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்பவன் விடையின்றி எழுந்து வெளியே வந்தேன். அந்த வினாவுக்கு விடை தேடிய முயற்சியே இன்றைய பேச்சு.

முதலில் படிகம் என்பது யாது என்று காண்போம். சிலிக்கான், ஆக்சிஜன் என்னும் இரண்டு தனிமங்கள் கூடி ஒழுங்காக அடுக்கப்பட்ட பொருளே படிகக்கல். நிலவுலகின் மேலோட்டில் மிகுதியாகக் கிடைக்கும் கனிமங்களுள் இதுவும் ஒன்று. கடற்கரை மணலின் பெரும்பகுதி இதன் துகளே. ஆகவே ஆசாரியர் மணலையும் கல்லையும் ஓரிடத்தில் வைத்துக் கூறியது, அவர் கருதியது வேறாயினும், பொருள் நூலாருக்கும் ஒத்ததாகவே அமைந்துவிட்டது. நம் கொங்கு நாட்டுக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படிகத்தில் மணி கடைந்தனர் என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. அழகுப் பொருளாக இதற்கு இருந்த மதிப்பு பழையது. அதில் குற்றம் காண்பதற்கில்லை.

ஊதாக்கல் என்பது படிகத்துள் சிறிதளவு இரும்பு கலந்து, பூமிக்குள் இயற்கைக் கதிர்வீச்சுப் பட்டு நிறம் பெற்றது. இதனைச் சில நூறு பாகை வெப்பத்தில் உலையிலிட்டுச் சுட்டால் ஊதா நிறம் நீங்கி மஞ்சளாகும். இன்று 'சிட்ரின்' என்ற பெயரில் கடைகளில் விற்கும் மஞ்சள் கற்களுள் பெரும்பாலானவை இவ்வாறு சுட்ட ஊதாக்கற்களே. என் தங்கைக்கு உறக்கத்திற்கென ஒன்றும் சர்க்கரைக்கென ஒன்றுமாக விற்கப்பட்டவை ஒரே கல்லின் இரண்டு நிறங்கள். உறக்கம் தரும் ஆற்றல் உலையில் எரிந்து, சர்க்கரையைத் தணிக்கும் ஆற்றல் அங்கேயே பிறந்துவிடுமோ? கிரேக்கர்கள் இதே ஊதாக்கல் கள்வெறியைத் தடுக்கும் என்று நம்பினர்; அம்மொழியில் அதன் பெயரின் பொருளே வெறியின்மை என்பதாம். காலந்தோறும் வாங்குவோரின் கவலைக்கு ஏற்பக் கல்லின் குணமும் மாறி வந்துள்ளது.

இனி, அதிர்வு என்ற சொல். இதனைச் சொல்வோர் அறிவியலின் மேல் ஆணையிட்டே சொல்கின்றனர். அதில் ஒரு பகுதி உண்மையும் உண்டு. 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள், படிகத்தை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் அது அதிரும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. இத்தன்மையைக் கொண்டே 1969இல் ஜப்பானியர் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். இன்றைய கடிகாரத்துள் இருக்கும் சிறு படிகத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. ஆயின் எப்போது? மின்கலம் மின்சாரம் ஊட்டும்போது. என் கைக்கடிகாரத்தில் மின்கலம் தீர்ந்து இரண்டு மாதம் நின்று கிடந்தது. நாள்தோறும் அதைக் கையில் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் நாடியின் மேலேயே கிடந்தும் அது ஒரு நொடியும் ஓடவில்லை.

இவ்விடத்தில் நம்மவர்களுள் சிலர் எளிதாக ஒரு விடை கூறுவர். "கல் புத்கலம், உயிரோ அறிவுடைப் பொருள், புத்கலம் உயிருக்கு என்ன செய்யும்?" என்பர். இவ்விடை நம் ஆகமத்துக்கு ஒவ்வாது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் உடல், மொழி, மனம், மூச்சு ஆகியவற்றையும், இன்ப துன்பங்களையும், வாழ்வு சாவுகளையும் புத்கலத்தின் உபகாரம் என்றே கூறுகின்றது. நாம் உண்ணும் சோறு புத்கலம். மருத்துவர் தரும் மாத்திரையும் புத்கலம். கல் என்பதனாலேயே ஒன்றைத் தள்ளவும் கூடாது. மின்னுகின்றது என்பதனாலேயே கொள்ளவும் கூடாது. பிரமாணம் வேண்டும். நிமித்தம் என்று சொல்லப்படுவது உண்மையிலேயே நிமித்தமா, அல்லது அங்கே உடனிருந்த ஒன்றா என்று சோதிக்க வேண்டும்.

அவ்வாறு சோதித்தவர் உளர். இலண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியல் பேராசிரியர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் என்பவரும் அவருடைய உடனாளரும் 80 பேரைக் கொண்டு செய்த சோதனையை 2001ஆம் ஆண்டு வெளியிட்டனர். பாதிப் பேர் கையில் உண்மைப் படிகமும், மற்றவர் கையில் அதைப்போலத் தோன்றும் போலிக் கல்லும் தரப்பட்டன. எவர் கையில் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. கல்லைக் கையில் வைத்துச் சிறிது நேரம் தியானித்தபின் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டனர். உடலில் சிலிர்ப்பு, கையில் வெம்மை, மனத்தில் அமைதி என்று பலர் கூறினர். உண்மைக் கல் வைத்திருந்தவரும் போலி வைத்திருந்தவரும் ஒரே அளவில் கூறினர். இன்னின்ன உணர்வு தோன்றும் என்று முன்னரே சொல்லி வைக்கப்பட்டவர்கள் அவற்றை மிகுதியாக உணர்ந்தனர். ஆகவே உணர்வு உண்டு; அதனைக் கல் தரவில்லை.

என் தங்கையின் வினாவுக்கு ஒரு பாதி விடை இதில் கிடைத்தது. மறுபாதி வேறொரு சோதனையில் கிடைத்தது. அது கல்லைப் பற்றியதன்று. இழுப்பு நோயைப் பற்றியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 2011இல் வெளியிட்டது. ஒரே நோயாளிகளுக்கு ஒரு நாள் உண்மை மருந்துள்ள உறிஞ்சு குழல். ஒரு நாள் மருந்தில்லாத வெறுங்குழல். ஒரு நாள் குத்துவதுபோல் நடிக்கும் போலி ஊசிச் சிகிச்சை. ஒரு நாள் ஒன்றுமே இல்லை. "இப்போது எப்படி இருக்கின்றது?" என்று கேட்டபோது மருந்துக்கும் வெறுங்குழலுக்கும் போலி ஊசிக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் "நன்றாக இருக்கின்றது" என்றனர். ஒன்றும் தரப்படாத நாளில்தான் குறைவாகச் சொன்னார்கள். ஆனால் மூச்சை ஊதச் செய்து கருவியால் அளந்து பார்த்தனர். உண்மை மருந்தால் மூச்சு நூற்றுக்கு இருபது பங்கு உயர்ந்திருந்தது. வெறுங்குழலுக்கும் போலி ஊசிக்கும் ஒன்றும் தராமைக்கும் ஏழு பங்கு அளவே, அவற்றிடையே வேறுபாடில்லை.

அன்பர்களே, இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நலமாக உணர்தல் வேறு, நலமாதல் வேறு. இரண்டும் பல வேளை சேர்ந்தே வருவதால் ஒன்றென மயங்குகின்றோம். அச்சம், துயரம், உறக்கமின்மை, ஒருசார் வலிகள் ஆகியவை உணர்வின் எல்லைக்குள் வருவன. நம்பிக்கையும் பரிவும் அங்கே மருந்தாகின்றன. இரத்தத்திலுள்ள சர்க்கரை அவ்வாறன்று. நாம் நம்புகின்றோமா இல்லையா என்று அது கேட்பதில்லை.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் என் தங்கையிடம் அந்த வாராந்தரச் சந்திப்புகளில் என்னதான் நடக்கும் என்று விரிவாகக் கேட்டேன். முன்பே கேட்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அந்த அம்மையார் இவளோடு அமர்வாராம். கணவரைப் பற்றிக் கேட்பாராம். இவள் அழுது முடிக்கும் வரை குறுக்கே பேசமாட்டாராம். பிறகு அரையிருளில் படுக்க வைத்து, கல்லைக் கையில் தந்து, மூச்சினை மெல்ல விடச் சொல்வாராம். வீட்டிலும் ஒவ்வோர் இரவும் அவ்வாறே செய்யச் சொன்னாராம்.

கணவர் இறந்தபின் நான்கு மாதங்கள் நான் அவள் வீட்டுக்குச் செல்லவில்லை. அடுத்த ஊர்தான், பேருந்தில் இருபது நிமிடம். அந்த நான்கு மாதங்களில் பன்னிரு அனுப்பிரேட்சைகளைப் பற்றி வெவ்வேறு ஊர்களில் ஏழு சொற்பொழிவுகள் நிகழ்த்தினேன். அநித்தியம், அசரணம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். புகலற்று ஒருத்தி என் உடன்பிறப்பாகவே இருந்தாள். அவளோடு அமர்ந்து கேட்டவர் கல் விற்பவர். நாற்பத்தெட்டு நிமிடம் அசையாது அமர்ந்து மூச்சையும் மனத்தையும் அடக்கும் சாமாயிகம் நம் வீட்டுச் சொத்து. அதைக்கூட நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு கல்லின் பெயரால் வேறொருவர் சொல்லித்தந்தார்.

ஆகவே என் விடை இது: "தங்கையே, உன் உறக்கம் பொய்யன்று. அது உண்மை. அதற்கு நிமித்தமாக இருந்தவை ஒருவர் செவிகொடுத்துக் கேட்டதும், நீ அமைதியாக மூச்சுவிட்டதும். கல் அங்கே உடனிருந்தது." அவள் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியானால் ஒரு கூழாங்கல் போதுமாயிருந்திருக்கும்" என்றாள்.

இவ்வளவுதானே, உறக்கம் வந்தால் சரி, கல்லின் பெயரால் வந்தால் என்ன என்று கேட்போர் உண்டு. எனக்கு வேண்டிய ஒரு மருத்துவரே அவ்வாறு கேட்டார். நான் இதனை மூன்று நாள் எண்ணினேன். கல்லால் தீங்கில்லை என்பது மெய்தான். கல் ஒருநாளும் ஒருவர் விரலைத் தின்றதில்லை. ஆனால் முதற்பொய் சிறிதாக இருந்து பலன் தந்தமையாலேயே இரண்டாம் பொய்யை, மருந்தை நிறுத்து என்னும் பொய்யை, அவள் நம்பினாள். மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என ஒன்று 1954 முதல் நம் நாட்டில் உண்டு. தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் நோய் தீரும் என விளம்பரம் செய்வதை அது தடுக்கின்றது. சர்க்கரை நோயும் அதன் பட்டியலில் உள்ளது. சட்டம் அச்சிட்ட விளம்பரத்தைப் பிடிக்கலாம். காதோடு சொல்வதை யார் பிடிப்பது?

வணிகம் செய்வோர் இங்கும் பலர் இருக்கின்றீர்கள். அத்தேய விரதத்தின் அதிசாரங்களுள் பிரதிரூபக வியவகாரம் ஒன்று. ஒன்றைப் போன்ற மற்றொன்றை அதுவென்று விற்றல். சுட்ட கல்லைச் சுடாத கல்லென்றும், கண்ணாடியைப் படிகமென்றும், அழகை மருந்தென்றும் விற்பது அதனுள் அடங்கும். செய்ப்பூர் முதலிய இடங்களில் மணி வணிகத்தில் சிறந்து விளங்கும் நம் சமயத்தார்க்கும் இது பொருந்தும் என்பதைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும்.

இதனினும் என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. குஜராத்தில் கம்பாத் என்னும் ஊர் உண்டு. பார்சுவநாதர் ஆலயத்தால் நம்மவர் நன்கறிந்த தலம். அங்கே தலைமுறை தலைமுறையாக அகேட் என்னும் கல்லை, அதுவும் படிக இனமே, அறுத்து மெருகிட்டு மணிகளாக்குகின்றனர். பல வீடுகளில் திண்ணையிலேயே சாணைக்கல் சுழல்கின்றது. கடையும்போது எழும் நுண்தூசி மூச்சோடு நுரையீரலில் சென்று தங்குகின்றது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய் வந்தால் நீக்கும் மருந்தில்லை. மூச்சு சிறுகச் சிறுகக் குறைந்து இளவயதிலேயே மடிகின்றனர். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் இவர்களை ஆராய்ந்து எழுதியுள்ளனர். சாணை பிடிக்காத மனைவி மக்களும் அதே காற்றைத்தான் மூச்சாக வாங்குகின்றனர். இளஞ்சிவப்புப் படிகம் மிகுதியாக வருவது மடகாஸ்கர் தீவிலிருந்து. அங்கே கையால் தோண்டிய குழிகளில், மண் சரியும் அச்சத்தினிடையே, சிறுவர்களும் வேலை செய்வதை 2019இல் பத்திரிகையாளர் நேரில் கண்டு எழுதினர். மார்பில் வைத்தால் மூச்சு சீராகும் என்று விற்கப்படும் கல், கடைந்தவனின் மூச்சை முன்னரே வாங்கிவிட்டு வருகின்றது.

மண்ணும் மணலும் கல்லும் மணிகளும் நிலத்தில் இருக்கும்போது பிருதிவி காய உயிர்கள் என்று மூலாசாரம் வகுத்துள்ளது. நிலத்தைப் பிளக்கும் தொழிலை இல்லறத்தார் தவிர்க்கத்தக்க தொழில்களுள் ஒன்றாக நம் பெரியோர் வைத்தனர். வீடு கட்டுகின்றோம், உழுகின்றோம். ஓரறிவுயிர்க்கு ஊறு முற்றிலும் தவிர்க்க இயலாதது. ஆனால் பயனில்லாத பொருட்டுச் செய்யும் ஊறு அனர்த்த தண்டம். பயன் உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சி ஆகவே நமக்கு வெறும் அறிவியல் ஆராய்ச்சி அன்று.

இனி ரேவதி ராணியின் வரலாறு. நீங்கள் அறிந்ததே, ஆயினும் அதன் இரண்டாம் பகுதியை நான் இதுவரை விரைந்து சொல்லிவிட்டுச் சென்றிருக்கின்றேன். சந்திரப்பிரபன் என்னும் வித்தியாதர அரசன் துறவு பூண்டு தென்மதுரையில் குப்த ஆசாரியரிடம் சுல்லகனாக இருந்தான். இதனை நம் பாண்டிநாட்டு மதுரை என்றே கொள்வர். அந்நகரைச் சூழ்ந்த குன்றுகளில் இன்றும் நம் முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. அவன் வடமதுரைக்குப் புறப்பட்டபோது, அங்குள்ள வருண மன்னனின் தேவி ரேவதிக்கு ஆசி கூறுமாறு ஆசாரியர் சொல்லியனுப்பினார். கற்றுத் துறைபோகிய பவ்வியசேனருக்கு ஒரு சொல்லும் இல்லை. இவளிடம் அப்படி என்ன சிறப்பு என்று அறிய விரும்பிய சுல்லகன், தன் வித்தையால் ஊரின் கீழ்வாயிலில் பிரமனாகவும், தென்வாயிலில் திருமாலாகவும், மேல்வாயிலில் சிவனாகவும் தோன்றினான். ஊரே திரண்டது, அவள் செல்லவில்லை. வடவாயிலில் சமவசரணமே அமைத்துத் தீர்த்தங்கரராக அமர்ந்தான். அப்போதும் அவள், தீர்த்தங்கரர் இருபத்துநால்வர், அவர்கள் சென்றுவிட்டனர், இது எவனோ ஒருவனின் மாயை என்று இருந்துவிட்டாள். தன் சமயத்தின் பெயரால் வந்த அதிசயத்தையும் அவள் கணக்குப் பார்த்தே ஏற்க மறுத்தாள் என்பதைக் கவனியுங்கள்.

மறுநாள் அவன் உடலெல்லாம் நோயுற்ற எளிய சுல்லகனாக அவள் மாளிகை வாயிலில் மயங்கி வீழ்ந்தான். நான்கு வாயிலுக்கும் போகாதவள் இப்போது ஓடி வந்தாள். உள்ளே கொணர்ந்து பணிவிடை செய்து உணவளித்தாள். அவன் உண்டதை எல்லாம் துர்நாற்றம் வீச உமிழ்ந்தான். அதனைத் துடைத்து எடுத்தவள், ஒவ்வாத உணவைத் தந்துவிட்டேனே என்று தன்னையே நொந்தாள். அதன் பின்னரே அவன் உருவைக் காட்டி ஆசாரியரின் ஆசியைக் கூறினான்.

அமூடதிருஷ்டிக்கு இவளை எடுத்துக்காட்டாக வைத்தவர்கள் இந்த இரண்டாம் பகுதியை ஏன் வைத்தனர்? முதற்பகுதியோடு நின்றால் நற்காட்சி என்பது கதவை அடைத்துக்கொண்டு வீட்டில் இருப்பது என்று நான் கொண்டதுபோலக் கொள்ள நேரும். நான் முதற்பகுதி மட்டும் உடையவனாக இருந்தேன். அந்தக் கல் விற்ற அம்மையாரிடம் இரண்டாம் பகுதி மட்டும் இருந்தது. என் தங்கை இருவருக்கும் இடையில் அகப்பட்டாள்.

நம் வீட்டிலேயே படிகம் இருக்கின்றதே என்ற வினாவையும் விட்டுச் செல்வதற்கில்லை. பல ஜினாலயங்களில் படிகத் திருமேனிகள் உள்ளன. மூடபித்ரியில் விலையுயர்ந்த மணிகளால் ஆகிய பிம்பங்களைத் தரிசித்து வந்தோர் இங்கு இருப்பீர்கள். அவை நோய் நீக்கும் கருவியாக வைக்கப்பட்டவை அல்ல. உட்புறம் வரை ஒளி ஊடுருவும் அத்தூய்மை உயிரின் இயல்பை நினைவூட்டுகின்றது. பொன்னூர் மலையில் தவமிருந்தார் என நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர் சமயசாரத்தில் படிகத்தை உவமையாக எடுத்தாள்கின்றார். தூய படிகம் தானே சிவப்பாவதில்லை; அருகிலுள்ள பிறபொருளால் சிவந்து தோன்றுகின்றது; உயிரும் அத்தகையதே என்பது அவர் கருத்து. கல்லின் நிறம் உயிருக்குள் சென்று சேரும் என்பார் விற்பவர். படிகமே அயல்நிறத்தைத் தனதாக்கிக்கொள்வதில்லை என்பார் ஆசாரியர்.

விரலில் கிரகக் கல் அணிந்திருப்போர் சிலர் இப்போது கையை மடிப்பதைக் காண்கின்றேன். அஞ்ச வேண்டா, கழற்றுக என நான் கூறவில்லை. அழகுக்கு அணியுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

மருந்தை நம் சமயம் ஒருநாளும் இகழ்ந்ததில்லை. ஔடத தானம் நான்கு தானங்களுள் ஒன்று. உக்கிராதித்தர் என்னும் நம் ஆசாரியர் ஒன்பதாம் நூற்றாண்டில் கலியாணகாரகம் என்னும் மருத்துவ நூலே செய்தார். ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று அறநூல்களுக்கு மருந்தின் பெயரை இட்டவர்கள் நம் புலவர்கள். மணியின் பெயரை அவர்கள் எதற்கு வைத்தனர் தெரியுமா? இரத்தினகரண்டகத்தைத் தழுவித் தமிழில் செய்த நூலுக்கு அருங்கலச் செப்பு என்று பெயர். செப்புக்குள் இருப்பவை நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். சக்கரவர்த்தியின் பதினான்கு இரத்தினங்களுள் மணி இரத்தினமும் ஒன்றாக இருந்தது. அதனை உடையவனாகிய சனத்குமார சக்கரவர்த்தி அனைத்தையும் துறந்து தவமேற்றபின் அவன் உடலைக் கொடு நோய்கள் பற்றின. மருத்துவ வடிவில் தேவர் வந்து நீக்குவதாகச் சொன்னபோது, வினைநோயை நீக்க வல்லீரோ என்று வினவினானே அன்றி, விட்டு வந்த மணியைத் தேடவில்லை. அது முனிவரின் நிலை. நாம் இல்லறத்தார், உடல் நோய்க்கு மருத்துவரை நாடுவதே நமக்கு முறை.

என் தங்கை அந்தச் சரத்தை எறிந்துவிடவா என்று கேட்டாள். எறிந்தால் கம்பாத்திலோ மடகாஸ்கரிலோ பட்ட பாடு திரும்பிவிடாது, வைத்துக்கொள் என்றேன். இப்போது அது அவள் அலமாரியில், மாத்திரைப் பெட்டியின் அருகில் கிடக்கின்றது. செவ்வாயும் வெள்ளியும் நான் அங்கே செல்கின்றேன். மாலையில் இருவரும் சாமாயிகத்தில் அமர்கின்றோம். உறக்கம் சில நாள் வருகின்றது, சில நாள் வருவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் இரத்தச் சோதனையில் சர்க்கரை இறங்கி வருகின்றது.

விழா முடிந்தபின் சதுர்த்தசிதோறும் பிற்பகலில், நம் சுற்றூர்களில் துணையை இழந்து தனித்திருப்போர், நெடுநாள் நோயுற்றோர் ஆகியோரின் இல்லங்களுக்கு இருவர் இருவராகச் சென்று ஒரு மணி நேரம் அமர்ந்து வருவதென விழாக் குழுவினரோடு பேசி முடிவு செய்துள்ளோம். பிரசங்கம் செய்வதற்கன்று, கேட்பதற்கு. மருந்து ஒழுங்காக உண்கின்றனரா என்று பார்த்து வருவதும் அதில் அடங்கும். பதினொரு வீடுகள் குறித்து வைத்திருக்கின்றேன். செல்ல இசைவோர் வாயிலில் உள்ள ஏட்டில் பெயர் எழுதுக. கூட்டுறவுப் பால் நிலையத் தெருவில் உள்ள இரண்டு வீடுகளுக்கு மட்டும் இன்னும் ஆள் இல்லை.